கழுவித் துடைத்த இன்ஜினை நம்பி ஏமாந்தேன்: பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தனிநபரிடமிருந்து பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். பானட்டைத் திறந்தால் இன்ஜின் புதிதுபோல் பளபளத்தது, வண்டி நின்றிருந்த தரையிலும் ஒரு சொட்டு ஆயில் இல்லை. கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று விற்றவர் அடித்துச் சொன்னார். நானும் நம்பினேன். உண்மையில் அந்தப் பளபளப்பைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினில் தூசி படிந்திருப்பதுதான் இயல்பு. விற்பதற்கு முன் அதைக் கழுவிவிட்டால் கசிவின் தடம் முழுவதும் அழிந்துபோகும், வண்டி மறுபடி நன்றாக ஓடிய பிறகே அது வெளியே தெரியும்.

மூன்றாவது வாரம், ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. ஆயில் உள்ளே எரிந்தால் வரும் நீலப் புகை சைலன்சரில் இல்லை, தரையிலும் சொட்டு இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, அடிப்பக்கத்து பிளாஸ்டிக் கவரைக் கழற்றியபோது, நான்காக மடித்த பழைய பனியன் துணி ஒன்று கறுத்த ஆயிலில் ஊறிக் கனத்துக் கிடந்தது. சொட்டு தரைக்கு வராமல் இருக்க யாரோ வேண்டுமென்றே செருகி வைத்த துணி அது. மெக்கானிக் அதைப் பிழிந்து காட்டியபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் ஈரம் அதிகமாக இருந்தது. ஆனால் ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் என்பதால், ஈரம் மிகுந்த இடமே கசிவின் ஊற்று என்று சொல்லிவிட முடியாது. மேலே இன்ஜினின் தலைப்பகுதியை மூடும் டேப்பெட் கவரின் பேக்கிங்கிலிருந்து வழிந்த ஆயிலும் அங்கேதான் வந்து சேரும். எல்லாவற்றையும் துடைத்து, வண்டியைச் சூடேற ஓட்டிவந்து, ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடுவதே சரியான முறை. அப்படிப் பார்த்ததில் மேற்பகுதி காய்ந்தே இருந்தது, கிராங்க் என்னும் சுழல்தண்டின் பின்பக்க ஆயில் சீல்தான் போயிருந்தது. சீல் சிறியது, விலையும் குறைவு. ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் கூலிதான் பெருஞ்செலவு. கிளட்ச் பிளேட்டிலும் ஆயில் ஏறியிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆறு வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் கசிந்தது. இம்முறை வேறொரு மெக்கானிக் வண்டி நின்றபடி ஐடிலில் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்தினார். உள்ளிருந்து வாயு குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி கீழே இறங்கும் வாயுவை மீண்டும் இன்ஜினுக்குக் காற்று நுழையும் இன்டேக்கிற்கு இழுத்துச் செல்லும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி, புதிய சீலாக இருந்தாலும் அதன் வழியே ஆயில் வெளியேறும். ரிங் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். என் வண்டியில் நல்லவேளையாகக் கசடு அடைத்த வால்வுதான் காரணம். முதல் ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் இரண்டாவது முறை கியர்பாக்ஸை இறக்கியிருக்க வேண்டாம்.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல. டேப்பெட் கவர் பேக்கிங்கில் இலேசாக ஆயில் கசிந்தால் அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் அந்த ஆயில் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, கருகல் வாடை வந்தால் உடனே கவனியுங்கள். இணைப்புகளின் ஓரத்தில் சிலிக்கோன் பேஸ்ட் புதிதாகப் பிதுங்கி நின்றால் யார், எதற்காகப் பூசினார்கள் என்று கேளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தெளிந்த தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

விற்றவரை அழைத்தபோது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். துணியைப் பற்றிக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். சென்ற மாதம் நண்பர் ஒருவருக்காக ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது, அடிக்கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்டேன். உரிமையாளர் மறுத்தார். பானட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இருவரும் திரும்பிவிட்டோம்.