கார் விற்றாகிவிட்டது, அபராதம் மட்டும் உங்கள் பெயரில்: இ-சலான் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கார் கைமாறிப் பல மாதம் ஆகியிருக்கும். திடீரென்று பழைய ஓனரின் போனுக்கு 2,000 ரூபாய் சலான் வரும். காரணம், 'இன்ஷூரன்ஸ் இல்லை'. மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆம் பிரிவு இது. முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் இந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. இதை எதிர்க்க இணையத்தில் இரண்டு வழிகள் உண்டு: மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் உள்ள இ-சலான் தளம், அதற்கடுத்து சலான் வழக்குகளை ஆன்லைனிலேயே கையாளும் விர்ச்சுவல் கோர்ட். பணம் கட்டுகிறவருக்கு இரண்டுமே ஐந்து நிமிட வேலை. எதிர்க்கிறவருக்கோ, தேதி போட்ட காகிதம் கையில் இருந்தால்தான் இவற்றால் பிரயோஜனம்.

முதலில் சலானைத் திறந்து போட்டோவையும் நாள், நேரத்தையும் பாருங்கள். நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து தப்பாகப் படிக்கப்பட்டிருந்தாலோ, அன்றைக்குப் பாலிசி நடப்பில் இருந்தும் வாஹன் என்ற அரசின் வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தில் ஏறாமல் போயிருந்தாலோ வேலை சுலபம். இ-சலான் தளத்தின் புகார் பகுதியில் சலான் எண்ணைக் கொடுத்து, பாலிசி நகலையோ வண்டியின் போட்டோவையோ ஏற்றினால் போதும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சலான் போலீஸ் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். கோர்ட்டுக்குப் போய்விட்டால் அங்கேதான் பேச வேண்டும்.

விர்ச்சுவல் கோர்ட்டில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணோ சலான் எண்ணோ கொடுத்தால் வழக்கு வரும். அபராதத்தைக் கட்டுகிறேன் அல்லது வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி. தொல்லை விட்டது என்று முதலாவதை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். நாளைக்கு இன்னொரு சலான் வந்தால் இரண்டாவது குற்றம் என்று 4,000-க்குப் போக வழி திறந்துவிடும். எதிர்த்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். மதுரைக்காரர் வண்டி சென்னையில் பிடிபட்டால், அலைச்சலும் வக்கீல் செலவும் 2,000-ஐத் தாண்டிவிடும்.

கோர்ட்டில் வாதம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர், ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் ஆகியோரைத்தான் 196 தண்டிக்கிறது. சலான் நேரத்துக்கு முன்பே வண்டி உங்கள் கையை விட்டுப் போனதைக் காட்டினால், இந்த மூன்றிலும் நீங்கள் இல்லை என்று சொல்லலாம். அதற்கு டெலிவரி நோட் வேண்டும்: வாங்கியவர் பெயர், முகவரி, ஆதார் நகல், வண்டியை எடுத்த தேதி, மணி, இருவர் கையெழுத்து. 'காலை 11.40' என்று எழுதியிருக்கும் நோட்டுக்கு இருக்கும் பலம், தேதி மட்டும் உள்ள நோட்டுக்கு இருக்காது. ஓட்டியவர் விவரத்தைப் போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டிய பொறுப்பை 133-ஆம் பிரிவு உரிமையாளர்மேல் வைக்கிறது. அப்போதும் இதே காகிதம்தான் உதவும்.

ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் கதை வேறு. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது சட்டம். பல கை மாறிய வண்டியாக இருந்தாலும் நஷ்டஈட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே சலானோடு போராடுகிற அதே வாரத்தில் ஆர்.சி.யையும் மாற்ற வழி பார்க்க வேண்டும். விற்றவர், விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் என்.ஓ.சி.யோடு (தடையில்லாச் சான்று) 45 நாள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 30 தனி. புரோக்கரை நம்பி, தேதியும் வாங்குபவர் பெயரும் நிரப்பாத படிவத்தில் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் மகா தவறு. அந்தத் தாள் எத்தனை கை மாறினாலும் வண்டி உங்கள் பெயரிலேயே ஓடும்.

வாங்கியவர் இழுத்தடித்தால், படிவம் 29, டெலிவரி நோட் நகல்களை ஆர்.டி.ஓ.வுக்கு டெலிவரி ஆனதற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, போலீஸில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கோர்ட்டில் இரண்டும் பேசும். அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் விடுகிறவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் நல்ல வசதி வந்திருக்கிறது: வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29சி ஆன்லைனில் பதிவானால், அதன்பின் வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. மாறும்வரை பாலிசியை ரத்து செய்யக் கூடாது. மிச்சப் பிரீமியத்துக்கு ஆசைப்பட்டு ரத்து செய்வதால்தான் பாதிச் சலான்கள் வருகின்றன என்று தோன்றுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வாங்கியவருக்குப் போய்விடும். 14 நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்ற வேண்டியது அவர் வேலை. உங்கள் என்.சி.பி. (க்ளெய்ம் எடுக்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களோடுதான் வரும், அதற்கான கடிதத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

வண்டி போன அன்றே பாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள். விற்ற தேதிக்குப் பிறகும் உங்கள் கணக்கிலிருந்து டோல் போயிருந்தால், டெலிவரி நோட்டை எதிர்த்தரப்பு கணக்கில் உள்ள அந்த ஒரு பதிவை வைத்தே கேள்வி கேட்கும்.