பின்னப் பட்டைப் பெட்டி: வாங்கலாம், முடிந்தால் இரண்டாக வாங்குங்கள்

ஆறாவது படிக்கும் என் மகளுக்காக இந்தப் பெட்டியை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. விலை 380 ரூபாய். முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்தேன், நல்லவேளை எழுதவில்லை, அப்போது எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகப் போயிருக்கும்.

உள்ளே 51 பிளாஸ்டிக் பட்டைகள். சிவப்பில் முழு ஒன்று, அப்புறம் இரண்டு அரை, மூன்று 1/3, நான்கு கால், இப்படியே 5, 6, 8, 10, 12 வரை போகிறது. எந்த நிறத்தை எடுத்து வரிசையாக அடுக்கினாலும் சிவப்புப் பட்டையின் நீளத்துக்கே வந்து நிற்கும். வெட்டு அவ்வளவு சுத்தம், பன்னிரண்டு குட்டித் துண்டுகளைச் சேர்த்து வைத்தும் மயிரிழைகூட வெளியே நீளவில்லை.

ஒருநாள் 1/3-க்கும் 1/2-க்கும் நடுவில் ஒரு பின்னம் சொல்லு என்றேன். இரண்டு பட்டையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துவிட்டு 1/12 துண்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். நான்கு வைத்தால் 1/3-க்குச் சரி, ஆறு வைத்தால் அரைக்குச் சரி, அப்போ ஐந்துதான் நடுவில், 5/12. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்ற பேச்சே எடுக்காமல் பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, சமமாக்கும் வேலை முடிந்துவிட்டது! சரி, 1/3-க்கும் 5/12-க்கும் நடுவில்? கொஞ்ச நேரம் துழாவிவிட்டு மூன்று 1/8 எடுத்து வைத்தாள். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த என் மாமியார் "காலே அரைக்கால்" என்றார். உடனே ஒரு கால் பட்டையையும் ஒரு 1/8-ஐயும் சேர்த்து வைத்துப் பார்த்தாள், அச்சாகப் பொருந்தியது. அப்புறம் பாட்டியும் பேத்தியும் முக்காலே மூணு வீசம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். வீசம் என்றால் 1/16, அது பெட்டியில் இல்லை, கால் பட்டையை அட்டையில் வரைந்து வெட்டி நான்காக மடித்து நாங்களே செய்துகொண்டோம். முக்காலோடு மூன்று வீசம் சேர்ந்தால் 15/16, முழுசுக்கு ஒரே ஒரு வீசம்தான் பாக்கி. நாள் முழுக்க வாயில் புழங்குகிற சொல், அதைக் கண்ணால் பார்த்தது எனக்கும் அன்றுதான்.

இனி குறைகள். பட்டையின் பின்பக்கம் தசமம் அச்சிட்டிருக்கிறார்கள். 1/8-க்கு 0.125, 1/5-க்கு 0.2, இதெல்லாம் சரி. 1/3-க்கு வெறும் 0.33! மூன்று 0.33 சேர்த்தால் 0.99தானே, பட்டை மட்டும் எப்படி முழுசாக வருகிறது என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த 3 முடியவே முடியாது என்று காட்ட மேலே ஒரு கோடாவது போட்டிருக்க வேண்டும். சுருக்கி எழுதிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் காரணியாக வந்தால் தசமம் முடியாமல் சுழன்றுகொண்டே போகும், இந்தப் பெட்டியில் 1/3, 1/6, 1/12 மூன்றும் அந்த வகை, மூன்றையுமே பாதியில் நறுக்கி அச்சிட்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, எல்லாம் ஒன்றுக்குள்ளேயே அடங்கிப்போவது. இதை மட்டும் வைத்து விளையாடுகிற பிள்ளைக்கு பின்னம் என்றால் ஒன்றுக்குக் கீழே இருப்பது, 1, 2, 3 எல்லாம் வேறு வகையறா என்று மனதில் பதிந்துவிடுகிறது. 2-ஐப் பின்னமாக எழுத முடியுமா என்று கேட்டேன், முடியவே முடியாது என்று அடித்துச் சொன்னாள். அதற்காகத்தான் இரண்டாவது பெட்டி வாங்கினேன். நான்கு அரை வைத்தாலும் ஆறு 1/3 வைத்தாலும் நீளம் இரண்டு சிவப்புப் பட்டை, அதாவது 4/2, 6/3, வெறும் 2/1 எல்லாமே அந்த 2 தான். ஏழு கால் வைத்தால் ஒன்றே முக்கால்.

அப்படியும் 0-க்குக் கீழே உள்ள குறை எண்கள் வரவில்லை. ஹாலில் சாக்பீஸால் நீளமாக ஒரு எண்கோடு போட்டு, நடுவில் 0 எழுதி, சிவப்புப் பட்டையால் அளந்து வலப்பக்கம் 1, 2, இடப்பக்கம் -1, -2 குறித்தோம். அதே மூன்று கால் பட்டைகளை 0-விலிருந்து வலப்பக்கம் வைத்தால் 3/4, இடப்பக்கம் வைத்தால் -3/4. முழுக்கள் (-2, -1, 0, 1, 2 போன்றவை) எல்லாம் நாங்கள் போட்ட குறிகளில் நிற்கின்றன, பட்டைகள் அந்த இடைவெளிகளில் வந்து விழுகின்றன, கோடு ஒன்றுதான். மேலே ஒரு முழு, கீழே பூஜ்ஜியம் அல்லாத ஒரு முழு, இப்படி எழுத முடிந்ததெல்லாம் விகிதமுறு எண் என்று அன்றே சொல்லிவிட்டேன். "அப்போ 0?" என்றாள். ஐந்தாக வெட்டி ஒன்றையும் எடுக்காவிட்டால் 0/5. கீழே ஏன் பூஜ்ஜியம் வரக்கூடாது என்பதற்கு அவளே பதில் சொன்னாள், "பூஜ்ஜியம் துண்டா எப்படிம்மா வெட்டறது?"

கூட வரும் கையேட்டில் எண்கோடு பற்றி ஒரு வரி இல்லை. ஒரு பெட்டிதான் முடியும் என்றால் இன்னொரு சிவப்புப் பட்டையையும் கொஞ்சம் கால், அரைப் பட்டைகளையும் கெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள், வேலை நடக்கும். 1/12 துண்டுகள் பீரோவுக்கு அடியில் ஓடிவிடுகின்றன, தனியாகக் கிடைக்காது, வாங்கிய அன்றே ஒரு ஜிப் பையில் போட்டு வையுங்கள்.