வில்கின்சன் எண்ணா, தையல்கடை இனிஷியலா?

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி வாள் ஒன்று வாங்கவேண்டும், அது யாருடையது என்றும் தெரியவேண்டும். இந்த ஆசையில் இறங்கியபோது கடைசியில் இரண்டு வாள்கள் மிஞ்சின. இரண்டும் 1845-இல் படை ஏற்ற மாதிரி, பிடித்த கையை மறைக்கும் பித்தளைக் காப்போடு. ஒன்று லண்டன் பால்மால் தெருவில் கடை வைத்திருந்த வில்கின்சன் செய்தது. அதன் அலகின் (வெட்டும் தகட்டின்) முதுகில் எண் உண்டு. மற்றது இராணுவ உடை தைக்கும் கடை ஒன்று விற்றது. அலகில் மூன்று இனிஷியல், கூடவே குடும்பத்தார் எழுதிய கடிதம். நான் வில்கின்சனைத்தான் எடுத்தேன்.

அழகு, எடை, பிடிமானம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். 1845 அலகின் வடிவமே ஹென்றி வில்கின்சன் வகுத்தது, மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். விலை மட்டும் வில்கின்சனுக்குக் கொஞ்சம் தூக்கல்.

சாதாரணச் சிப்பாயின் வாள் அரசுச் சொத்து. அதில் படைப்பிரிவின் முத்திரைதான் இருக்கும். அதிகாரியோ தன் வாளைச் சொந்தக் காசில் வாங்கினார். அதனால் ‘யார் வாங்கியது’ என்ற கேள்விக்கு ஒரு பதில் எங்கோ இருக்கவே செய்கிறது. அந்தப் பதில் வாளில் எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை விஷயமே.

தையல்கடை வாளில் அது அமிலத்தால் அரித்த பொறிப்பு. ஆழம் மிகக் குறைவு. நூற்றைம்பது வருடத்தில் எத்தனை பேர் பளபளப்பு ஆசையில் உரசியிருப்பார்கள்! நான் பார்த்த வாளில் முதல் எழுத்து ‘J’-யா ‘I’-யா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. விக்டோரியா ராணியைக் குறிக்கும் ‘வி.ஆர்.’ முத்திரை 1837 முதல் 1901 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கடையின் முகவரி காலத்தைக் கொஞ்சம் நெருக்கும், அவ்வளவுதான். அப்புறம் பிரிட்டிஷ் படை அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலான ஆர்மி லிஸ்டைப் புரட்டினால் அதே இனிஷியலோடு ஒருவர் இருவர் இல்லை, பலர் வந்து நிற்பார்கள். கடிதம் இருக்கிறதே என்றால், கடிதம் வாளோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நாளைக்கு வேறொரு வாளோடு வைத்தாலும் பொருந்திவிடும்.

வில்கின்சன் 1850-களின் நடுவிலிருந்து தன் முதல்தர வாள்களுக்கு எண் போட்டது. கைப்பிடிக்குப் பக்கத்தில், அலகின் முதுகில் குத்திய எண். உரசுகிறவன் கை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போகும், முதுகுக்கு அவ்வளவாக வராது. அந்த எண்ணுக்கு நேராக வில்கின்சனின் விற்பனைப் பேரேட்டில் விற்ற தேதி, அலகின் நீள அகலம், வாங்கியவர் பெயர். பெயரைவிட அந்த நீள அகலம்தான் எனக்குப் பெரிது. பேரேட்டு நகலில் உள்ள அளவும் டேப்பில் அளந்ததும் ஒத்துப்போனால் எண்ணை யாரோ பிறகு குத்திவிட்டான் என்ற சந்தேகம் ஏறக்குறைய போய்விடும். பெயர் கிடைத்தபின் ஆர்மி லிஸ்ட், அரசிதழான லண்டன் கெஜட், லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் என்று வழி நேராகிவிடுகிறது.

ஓட்டை இல்லாமலும் இல்லை. சில எண்களுக்கு நேரே பெயர் காலியாக இருக்கும். சிலதில் வேறொரு கடையின் பெயர் இருக்கும். பெயர் இருந்தாலும் அது முதலில் வாங்கியவர் மட்டும். அவர் தம்பிக்குக் கொடுத்தாரா, விற்றாரா என்று பேரேடு சொல்லாது. அந்த இடத்தில் நல்ல குடும்பக் கடிதம் ஜெயித்துவிடும். பொறிப்பில் முழுப் பெயரும் படைப்பிரிவும் தெளிவாக இருக்கும் தையல்கடை வாள் கிடைத்தால் நானே யோசிப்பேன்.

மறுவிற்பனை பற்றிக் கேட்டால், நான் இன்னும் ஒன்றையும் விற்றதில்லை; ஏலத்தில் எண் உள்ளவற்றுக்குக் கை அதிகம் உயர்வதை மட்டும் பார்த்திருக்கிறேன். குதிரைப்படை, கடற்படை வாள்கள் என் கைக்கு அவ்வளவாக வந்ததில்லை.

எதை வாங்கினாலும் எமரித் தாளை (உப்புத்தாள் போன்ற தேய்ப்புத் தாளை) தொடாதீர்கள். லேசாக மினரல் எண்ணெய் போதும். தோல் உறையில் வாளை விட்டுவைக்காதீர்கள்; பதனிட்ட தோலின் அமிலமே துருப்பிடிக்க வைக்கும். என் வாள் உறைக்குப் பக்கத்தில் தனியாகத்தான் படுத்திருக்கிறது.