டெல்லி ரயிலில் மூன்று வேளை: கட்டுச்சோறா, பேன்ட்ரியா, பிளாட்பாரமா, ஆப்பா?

சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால், மூன்றாம் நாள் காலை புது டெல்லி. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் சாப்பாட்டுக் கணக்கு போட்டுப் பாருங்கள், மூன்றே வேளைதான். கிளம்பும் இரவு வீட்டிலேயே சாப்பிட்டுவிடலாம், இறங்கும் நாள் டிபன் டெல்லியில். நடுவில் மாட்டிக்கொள்வது ஒரு முழுப் பகல்: காலை, மதியம், ராத்திரி.

இந்த மூன்று வேளைக்கு நான்கு வழிகள் உண்டு. எது மலிவு என்று கேட்பவர்கள்தான் அதிகம். நாலைந்து தடவை போய் வந்த பிறகு எனக்குத் தோன்றுவது, விலைக்கு முன்னால் கடிகாரத்தையும் வெயிலையும் பார்க்க வேண்டும் என்பது.

முதலில் கட்டுச்சோறு. இந்த வண்டி 1976-இல் ஓட ஆரம்பித்தது. என் அத்தை எண்பதுகளில் இதில் போகும்போது கூஜாவும் நாலடுக்கு கேரியரும் இல்லாமல் ஏறியதே இல்லை. "ரயில் சாப்பாட்டை நம்பி வயித்தக் கெடுத்துக்காதடா" என்பது இன்றைக்கும் அவர் வழியனுப்பும் வாசகம். அவர் சொல்லும் வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. காலைக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. மதியத்துக்குப் புளியோதரை. தயிர் சாதம் இரண்டுக்கும் நடுவில், பதினொரு மணிக்குள்.

இந்த வரிசையை மாற்றினால் கெட்டது. இட்லி நல்லெண்ணெயில் ஊறி மறுநாள் காலை இன்னும் மிருதுவாக இருக்கும், மதியம் தாண்டினால் பிசுபிசுக்கும். புளியோதரைக்குப் புளியும் எண்ணெயும் காவல். சாதத்தை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் கொட்டி, முழுக்க ஆறிய பிறகு கலந்தால் மறுநாள் மதியம் வரை வாசனை மாறாது. சூட்டோடு டப்பாவை மூடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. மூடியில் முத்து முத்தாக நிற்கும் அந்த நீர் மறுபடி சோற்றில்தான் சொட்டும். தயிர் சாதத்துக்குத் தயிரைக் கொட்டாதீர்கள். குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர். இரவெல்லாம் வண்டி ஆட ஆட அது தானாக உறைந்துகொள்ளும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய், மோர்மிளகாய். உருளைக்கிழங்குக் கறி வேண்டாம். தேங்காய்ச் சட்னி விஜயவாடாவைத் தாண்டாது.

வெயிலும் இருக்கிறது. மே மாதம் பல்லார்ஷா, நாக்பூர் பக்கம் 45 டிகிரி சாதாரணம். ஸ்லீப்பர் பெட்டி அப்போது அடுப்பில் வைத்த தவலை. ஏசி பெட்டியில் அதே சோறு இரண்டு மூன்று மணி நேரம் கூடத் தாங்கும். ஆகவே கோடையில் ஸ்லீப்பரில் போகிறவர் கட்டுச்சோற்றைக் காலை டிபனோடும் முற்பகலோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. புளியோதரைகூட ஒரு மணிக்கு மேல் சந்தேகக் கேஸ்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு எந்தக் காலத்திலும் வேண்டாம். அதற்குள் அது ஒரு நாள் பழசு.

செலவில் இதை எதுவும் தொட முடியாது. நான்கு பேருக்கு இரண்டு வேளை என்றாலும் அரிசி, புளி, எண்ணெய்ச் செலவுதான். ஆனால் கிளம்பும் நாள் முழுக்க ஒருவர் அடுப்படியில் நிற்கிறாரே, அந்தக் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது அம்மா. அதனால்தான் மற்ற மூன்றையும் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்து பேன்ட்ரி கார், அதாவது வண்டியோடு வரும் சமையல் பெட்டி. 2019-இல் திருத்திய விலைப்படி மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சைவ டிபன் 40 ரூபாய், சைவச் சாப்பாடு 80, முட்டைக் கறியோடு 90, கோழிக் கறியோடு 130. மூன்று வேளையும் சைவமாகவே முடித்தால் தலைக்கு 200. ரயில் நீர் பாட்டில் 15 ஆக இருந்து 2025 செப்டம்பரில் 14 ஆனது. மூன்று பாட்டில் சேர்த்தால் 242. தலைவலி இல்லாத கணக்கு. படுத்த இடத்துக்கே வருகிறது.

ஆனால் நன்றாகச் சாப்பிட்டோமா? பட்டியலில் 150 கிராம் சோறு, 150 கிராம் பருப்பு அல்லது சாம்பார், ரொட்டி, காய், 80 கிராம் தயிர் என்று எல்லாம் இருக்கிறது. தட்டில் வருவது அன்றன்றைய அதிர்ஷ்டம். என் அனுபவத்தில் சைவச் சாப்பாட்டைவிட முட்டை பிரியாணி தேவலை, எல்லாவற்றையும்விட ஆம்லெட்–பிரெட் தேவலை, காரணம் அது அப்போதே போடப்படுவது. சூடாக வரும் எதற்கும் ஒரு மார்க் கூடுதலாகப் போடுவது என் வழக்கம்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வேறொரு வண்டியில், ஊர் பேர் வேண்டாம், 80 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 120 கேட்டார்கள். "பில் கொடுங்க அண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு நாற்பதைத் திருப்பிக் கொடுத்தார். பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்பது ரயில்வேயே அறிவித்த விதி. ரயில்வே உதவி எண் 139-க்குப் புகார் சொல்லலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சண்டை தேவையில்லை, அந்த ஒரு வார்த்தை போதும்.

மூன்றாவது, பிளாட்பாரம். இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், அதையும் கழித்தே படியுங்கள். ஸ்டேஷன் ஸ்டாலில் டிபன் 35, சாப்பாடு 70. அதைவிட மலிவு ஜெனரல் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே வைக்கும் கவுன்டர்: 20 ரூபாய்க்கு ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். 50 ரூபாய்க்கு ராஜ்மா சாதம், பொங்கல் மாதிரி ஏதாவது ஒன்று. 2023-இல் வந்த ஏற்பாடு, எல்லா ஸ்டேஷனிலும் கிடையாது. இருபது ரூபாயில் வயிறு நிறையும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜெனரல் பெட்டி இருப்பது வண்டியின் இரு கோடியில். நடுவில் எஸ்-5 ஸ்லீப்பர் பெட்டியில் இருப்பவர் இறங்கி ஓடி, வரிசையில் நின்று, பூரியோடு திரும்பி ஓட வேண்டும்.

இந்த வண்டியில் அதற்கு நேரம் இருக்காது. நிறுத்தங்களே சொற்பம். விஜயவாடாவில் பத்து நிமிடம் போல நிற்கும், ஆனால் அப்போது மணி அதிகாலை நாலு. நம் நாக்குக்கு ஏற்ற இட்லி கிடைக்கும் கடைசிப் பெரிய ஊர் நாம் குறட்டை விடும்போது கடந்து போகிறது. இதைவிட அநியாயம் உண்டா! வாரங்கலில் ஓரிரு நிமிடம். நாக்பூரிலும் போபாலிலும் ஐந்து நிமிடத்தை எதிர்பார்க்கலாம். ஆகவே பிளாட்பாரத்தைச் சாப்பாட்டுக்கு நம்பாமல் பழத்துக்கு நம்புங்கள். குளிர்காலத்தில் நாக்பூர் ஆரஞ்சு நம் பெட்டியின் வாசலுக்கே வரும். அதைத் தோல் உரிக்கும்போது பக்கத்து பெர்த்துக்காரர் பேச ஆரம்பிப்பார், அதற்குக் காசு கிடையாது.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல்: இறங்கினால் மூட்டை முடிச்சை யார் பார்ப்பது?

கடைசியாக ஆப். ரயில்வேயின் டிக்கெட், உணவு நிறுவனமான ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங்கில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டால் வழியிலுள்ள ஸ்டேஷன்களும் அங்குள்ள ஹோட்டல்களும் வரும். சொமாட்டோவும் ஸ்விக்கியும்கூட இப்போது இதில் இருக்கின்றன. சீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ருசியில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. விலையில் இதுதான் கடைசி. நான் பார்த்தவரை ஒரு தாலி 150-இலிருந்து 250 வரை போகிறது, வரியும் டெலிவரிக் கட்டணமும் சேர்ந்தால் இன்னும் மேலே. மூன்று வேளையும் இதிலேயே என்றால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட் செலவைத் தாண்டிவிடும்.

ஒரு வேளைக்கு மட்டும் என்றால் கதை வேறு. இந்த வண்டிக்கு நாக்பூர் மதியம் இரண்டு மணிவாக்கில் வருகிறது, போபால் இரவு எட்டு மணிவாக்கில். இரண்டில் நான் போபாலைத்தான் எடுப்பேன். மதியத்துக்குப் புளியோதரை இருக்கிறது. ராத்திரிக்குத்தான் சூடான ரொட்டியும் பருப்பும் வேண்டும். நாக்பூரிலேயே வாங்குவதாக இருந்தால் தோசை மட்டும் வேண்டாம், அந்த ஊர்க்காரர் சாப்பிடுவதை வாங்குங்கள். ஆனால் அந்த ஊரின் காரசாரமான சாவ்ஜி மட்டன் ரயிலில் கூடாது. அந்தக் காரத்தின் விளைவுகளை ஓடும் வண்டியின் கழிப்பறையில் சந்திக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

முன்பணம் கட்டாமல், கையில் வாங்கும்போது பணம் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை இன்னொரு பயணத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். டெலிவரிப் பையன் போனில் "எந்தக் கோச் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. பணம் பிற்பாடு வந்தது, அன்றைக்கு ராத்திரி பிஸ்கெட்தான். வண்டி தாமதமானால் வேறு கதை: சாப்பாடு வண்டியோடு சேர்ந்து வந்துவிடும், பசி அதுவரை காத்திருக்காது.

ஆகவே போகும்போது என் கணக்கு இது: காலை இட்லி, முற்பகல் தயிர் சாதம், மதியம் புளியோதரை, ராத்திரி போபாலில் ஆப். கோடையில் ஸ்லீப்பரானால் மதியத்துக்குப் பேன்ட்ரி முட்டை பிரியாணி. பிரியாணி வாங்காமல், ஆப்பில் விலை குறைந்த தாலியாக எடுத்தால், தலைக்கு 250 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. பேன்ட்ரியிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான்.

திரும்பி வரும்போது மட்டும் இந்த வரிசை செல்லாது. டெல்லியில் லாட்ஜில் தங்கியவனுக்குக் கட்டுச்சோறு ஏது? அப்போது போபாலும் இட்டார்சியும் காலை நேரத்தில் வருகின்றன, அந்தப் பக்கத்துக் காலை டிபன் போஹா, நம் அவல் உப்புமா மாதிரி. சூடாகக் கிடைத்தால் பேன்ட்ரி கட்லெட்டை மறந்துவிடுங்கள். விஜயவாடாவும் இந்தத் தடவை நாம் முழித்திருக்கும்போது, ராத்திரியில் வரும். நான் அதற்காகவே மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறேன்.