மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்: மூன்று மாத்திரைகள், ஒரு மதிப்பீடு

இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபைன், ராமிப்ரில், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஆகிய மூன்றும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் பல வீடுகளின் மாதாந்திரப் பட்டியலில் அரிசி பருப்புக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டன. எந்த நிறுவனத்தின் மாத்திரை நல்லது, எங்கே தள்ளுபடி கிடைக்கும் என்று நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் அதே பெட்டிக்குள் மடித்துச் செருகப்பட்டிருக்கும் தகவல் தாளைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் அச்சிட்ட மூன்று தாள்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நோயாளிக்கு இவை எந்த அளவுக்கு உதவும் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. குறைகள் மூன்றுக்கும் பொதுவானவை என்பதால் நிறுவனங்களின் பெயர் இங்கே தேவைப்படவில்லை.

முதல் சிக்கல், தாள் கைக்கு வந்து சேர்வதே. பத்து அட்டைகள் கொண்ட பெட்டிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். நாமோ பெட்டியாக வாங்குவதில்லை. இரண்டு அட்டை வாங்குகிறோம். கையில் பணம் குறைவாக இருந்தால் கடைக்காரர் கத்திரிக்கோலால் அட்டையையே வெட்டி ஐந்து மாத்திரை தருகிறார். அப்படி வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. நான் தாளைக் கேட்டபோது கடையில் இருந்த இளைஞர், “அது டாக்டருக்குங்க சார், உங்களுக்கு எதுக்கு?” என்று உண்மையாகவே வியந்து கேட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று தாளின் தலைப்பிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த மருத்துவரின் கைக்குப் பெட்டி போவதே இல்லை என்பதால், தாள் யாருக்காக எழுதப்பட்டதோ அவரும் படிப்பதில்லை, மாத்திரையை விழுங்குகிறவரும் படிப்பதில்லை.

பிரித்து விரித்தால் மூன்றுமே காற்றில் பறக்கும் மெல்லிய காகிதம். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது. மூக்குக் கண்ணாடி போதாமல் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. மொழி முழுக்க ஆங்கிலம். ஒரு பெட்டியின் மேல் மாத்திரையின் பெயரை இந்தியிலும் அச்சிட்டிருக்கிறார்கள்; தமிழில் ஒரு வரிகூட இல்லை. வேதியியல் அமைப்பு, உடலில் மருந்து பரவும் விதம், இரத்தத்தில் உச்ச அளவை எட்டும் நேரம் ஆகியவற்றையெல்லாம் கடந்த பிறகே பக்கவிளைவுப் பகுதி வருகிறது.

ஆம்லோடிபைன் தாளை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மிகவும் ஏமாற்றம் தந்தது அதுதான். இந்த மருந்தின் மிகப் பழக்கமான பக்கவிளைவு கணுக்கால் வீக்கம். அது மருந்தின் அளவைப் பொறுத்துக் கூடுகிறது. அமெரிக்க மருந்துக் குறிப்பில் உள்ள ஆய்வு விவரப்படி, 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும், 5 மில்லிகிராமில் 3 சதவீதத்தினருக்கும், 10 மில்லிகிராமில் 10.8 சதவீதத்தினருக்கும் வீக்கம் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 0.6 சதவீதமே. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனிகளை மருந்து விரிக்கிறது, அதைத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரைகளை அதே அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து, நாளெல்லாம் நிற்கும் கால்களின் கணுக்காலில் தேங்குகிறது. உடம்பில் உப்பும் நீரும் மிகுந்து வரும் வீக்கம் அல்ல என்பதால், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. அளவைக் குறைப்பதும், மருந்தை மாற்றுவதும், ராமிப்ரில் போன்ற இன்னொரு வகை மருந்தைச் சேர்ப்பதும்தான் மருத்துவர்கள் கையாளும் வழிகள்.

இவ்வளவும் தெரிந்த செய்தியாக இருக்கும்போது, என் கையில் இருந்த தாள் இதை ஒரே சொல்லில், தலைவலி, படபடப்பு, முகம் சிவத்தல், அயர்வு ஆகியவற்றுக்கு நடுவே, காற்புள்ளிகளுக்கிடையில் வைத்துவிட்டுப் போகிறது. எந்த அளவில் எவ்வளவு பேருக்கு வரும் என்ற விவரம் இல்லை. விளைவை நம் வீடுகளில் பார்க்கலாம். கால் வீங்கியதும் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயந்து ஒருவர் மாத்திரையையே நிறுத்துகிறார். இன்னொருவர் வேறொரு மருத்துவரிடம் போய், பழைய சீட்டைக் காட்டாமல், வீக்கத்துக்கென்று தனி மாத்திரை வாங்கிவருகிறார். பிறகு அந்த மாத்திரையின் பக்கவிளைவுக்கு மூன்றாவது மாத்திரை சேர்கிறது. மருந்துப் பையின் கனம் கூடுவதற்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணம். கால் வீக்கம் இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய்களாலும் வரக்கூடும் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பார்க்கும்போது, இந்த மாத்திரை தொடங்கிய பிறகு வந்ததா, அளவைக் கூட்டிய பிறகு வந்ததா என்று சொல்லத் தெரிந்த நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சை வேறு.

ராமிப்ரில் தாள் இதைவிடக் கொஞ்சம் மேல். வறட்டு இருமலைப் பட்டியலின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. இந்த வகை மருந்துகள் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால் அப்பொருள் சேர்ந்துபோய்த் தொண்டையில் அரிப்பையும் சளியில்லாத இருமலையும் உண்டாக்குகிறது. முதல் வேளையிலேயே வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. என் சித்தி ஒரு மழைக்காலம் முழுவதும் இருமல் மருந்துக் குப்பிகளையும் கஷாயத்தையும் மாற்றி மாற்றிக் குடித்தார். மாத்திரைச் சீட்டைப் பார்த்த மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கான வேறு வகை மருந்தான டெல்மிசார்ட்டனுக்கு மாற்றிய பிறகு, சில வாரங்களில் இருமல் நின்றது. இருமல் மருந்தால் இது தீராது என்ற ஒரு வரியைத் தாளில் சேர்க்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

அந்தத் தாளின் பெரிய குறை வேறு. உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்குவது இம்மருந்தின் அரிதான, ஆனால் உயிருக்கு ஆபத்தான விளைவு. மூச்சுப்பாதை அடைபடலாம் என்பதால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை அது. தாளில் அது தலைசுற்றல், சுவை மாறுதல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில், அதே எழுத்தில், ஒரு கலைச்சொல்லாக நிற்கிறது. பொறுத்துக்கொள்ளக் கூடியது எது, அடுத்த முறை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது எது, உடனே ஓட வேண்டியது எது என்று மூன்றாகப் பிரிக்காத பட்டியலால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்றில் நன்றாக இருந்தது மெட்ஃபார்மின் தாள். உணவோடு எடுக்க வேண்டும், குறைந்த அளவில் தொடங்க வேண்டும், வயிற்றுப்போக்கும் குமட்டலும் தொடக்கத்தில் வந்து பெரும்பாலும் தணிந்துவிடும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. மருந்து மெதுவாக வெளிப்படும் வகை மாத்திரையின் வெற்றுக் கூடு சில நேரம் மலத்தில் அப்படியே தெரியக்கூடும், அதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளில்லை என்றும் ஒரு குறிப்பு இருந்தது. மாத்திரை அப்படியே வெளியே வந்துவிட்டது என்று பதறியவர்களை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். ஆனால் வைட்டமின் பி12 குறைவதைக் கடைசி வரியில் மிக அரிது என்று தள்ளியிருப்பது பழைய கதை. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022இல் அதைப் பொதுவான பக்கவிளைவாகவே அறிவித்தது. பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகலாம். அதைச் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிப் பழகிய நம் ஊரில், ஆண்டுக்கணக்கில் இம்மருந்து எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. மெட்ஃபார்மின் தனியாக எடுக்கப்படும்போது சர்க்கரை அளவைத் தாழச் செய்வது அரிது. கிளிமெபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்து கலந்த கூட்டு மாத்திரையாக இருந்தால் நிலைமை வேறு. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்று தாழ்சர்க்கரை வரலாம். வணிகப் பெயரில் ஓரிரு எழுத்தே மாறியிருக்கும் இந்த இரண்டு வகை மாத்திரைகளும் கடையில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன.

பக்கவிளைவுகளை இவ்வளவு விரிவாக எழுதினால் மக்கள் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. இந்தக் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திய 60 பேருக்கு, மாதம் ஒரு குப்பியாக, சில மாதம் அட்டார்வாஸ்டாட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் சில மாதம் காலிக் குப்பியும் கொடுத்தார்கள். மருந்து எடுத்த மாதங்களில் பட்ட தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை எடுத்த மாதங்களிலும் இருந்தது. வரும் என்ற எதிர்பார்ப்பே வலியை வரவழைக்கிறது. ஆனால் அதே ஆய்வின் முடிவைப் பங்கேற்றவர்களிடம் காட்டியபோது அவர்களில் பாதிப் பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். அளவோடு, கணக்கோடு சொல்லப்படும் செய்தி பயத்தைக் குறைக்கிறது. கணக்கில்லாத நீண்ட பட்டியல்தான் பயமுறுத்துகிறது.

ஐரோப்பிய நாடுகளில் நோயாளிக்கான தாள் சட்டப்படி தனியாகவே எழுதப்படுகிறது. அதில் மிகப் பொதுவானது என்றால் பத்தில் ஒருவருக்கு மேல், பொதுவானது என்றால் நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை, அரிது என்றால் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர் வரை என்று சொற்களுக்கு எண் கட்டப்பட்டிருக்கிறது. நம்மால் இது முடியாத காரியமல்ல. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுக்கும் அரசு மையங்களில், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே வாய்மொழியாகச் சொல்லிவிடும் ஊழியர்கள் இருக்கிறார்கள். எந்தத் தாளையும்விட அந்த ஒரு வாக்கியம் நன்றாக வேலை செய்கிறது.

புதிய கியூஆர் குறியீட்டை நம்பியும் பயனில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முக்கிய மருந்துப் பெயர்களின் பெட்டிகளில் அது கட்டாயம். ஆனால் விதி கேட்பது மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவற்றைத்தான். போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது உதவும். பக்கவிளைவு அதில் இல்லை.

தாளில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024. காசியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் இத்திட்டத்துக்கு மருத்துவர் மட்டுமல்லாமல் நோயாளியும் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். நுகர்வோருக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மூன்று தாள்களில் ஒன்றில் மட்டும் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அரசின் எண் எதிலும் இல்லை.

ஐந்துக்கு மதிப்பெண் போட்டால் மெட்ஃபார்மின் தாளுக்கு மூன்று, ராமிப்ரிலுக்கு இரண்டு, ஆம்லோடிபைனுக்கு ஒன்று. இவ்வளவு குறை சொன்ன பிறகும் தாளைக் கேட்டு வாங்குங்கள் என்றே சொல்வேன். கடையில் அதற்குக் காசு கேட்பதில்லை. ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பக்கவிளைவுப் பகுதியை மட்டும் படிக்கச் சொல்லி, உங்களுக்கு இருக்கும் தொல்லை அதில் வந்தால் அடிக்கோடிட்டு, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், தாளையும் வீட்டில் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.