ஆயில் மூடியைத் திறந்து புகை காட்டினால் நம்பாதீர்கள், பிக்கப் வைத்திருப்பவர்களே

38,500 ரூபாய். எழுதும்போதே வயிறு எரிகிறது.

கோயம்பேட்டில் காய்கறி ஏற்றித் தாம்பரம் கடைகளுக்குப் போடும் டீசல் பிக்கப் என்னுடையது. 2018 மாடல், பிஎஸ்4 புகை விதி வண்டி. போன மாதம் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துளை வழியாக இன்ஜின் ஆயிலைக் கக்கியது. புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை. "பாத்தீங்களாண்ணே, பேக் கம்ப்ரஷன். ரிங் போச்சு, ஹாஃப் இன்ஜின் செஞ்சாதான் நிக்கும்." அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து, எரிந்த புகை கீழே இறங்குகிறதாம்; இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனை வெளியே எடுத்து ரிங் மாற்ற வேண்டுமாம். கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகப்படுவது? அட்வான்ஸ் 20,000, வண்டி எடுக்கும்போது 18,500. பில் கேட்டால் துண்டுச் சீட்டு. "கெட்டி ஆயில் போட்டிருக்கேன், புகையே வராது" என்றார் பெருமையாக.

பதினோராம் நாள் மறுபடி அதே கக்கல்.

போன் செய்தால், "புது ரிங், செட்டாகணும்ண்ணே." அடுத்த முறை, "ஓனர் ஊர்ல இல்ல." நேரில் போனால், "ஓவர்லோடு அடிச்சிருப்பீங்க." பழைய ரிங்கைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

போரூரில் ஒரு பெரியவர் பிரீத்தர் பைப்பைக் கழற்றி வாயால் ஊதினார். காற்றே போகவில்லை. உள்ளே கறுப்பு அல்வா மாதிரி கசடு. ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டாம். அது பிரீத்தர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறி, டிப்ஸ்டிக், சீல் என்று கிடைத்த வழியில் ஆயிலைத் தள்ளும். மூடியைத் திறந்தால் புகை அடிக்காமல் என்ன செய்யும்? டீசலில் கழுவி, புது ஹோஸ் மாட்டினார். 450 ரூபாய். கக்கல் நின்றது.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் சிரித்தார். ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்டுகளில் பழைய சேறு அப்படியே காய்ந்து கிடக்கிறது. சம்பைக் கழற்றாமல் பிஸ்டனை எப்படி வெளியே எடுத்தார்கள்? 38,500 ரூபாய்க்கு இன்ஜினைத் தொடவே இல்லை!

புதுப்பேட்டையில் ஊற்றியது டிரம்மில் இருந்த 20டபிள்யூ-50, பெட்ரோல் வண்டி ஆயில் என்று அந்தக் கடைப் பையனே சொன்னான். என் வண்டிப் புத்தகத்தில் இருப்பது 15டபிள்யூ-40 (இது ஆயிலின் கெட்டித்தன்மை), சிஐ-4 பிளஸ் (இது தரக் குறியீடு). தரக் குறியீடு டீசலுக்கு 'சி' எழுத்தில் தொடங்கும், பெட்ரோலுக்கு 'எஸ்', டப்பாவில் பாருங்கள். லூஸ் ஆயில் வேண்டாம். பிஎஸ்6 டீசல் என்றால் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) இருக்கும், அதற்கான ஆயில் வேறு, புத்தகத்தைப் பாருங்கள். ரிங் போச்சு என்றால் முதலில் பிரீத்தரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்குங்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது, ராத்திரி 2 மணிக்கு லோடு. நாளைக்கு அந்தத் துண்டுச் சீட்டோடு மறுபடி போகிறேன்.