பின்னட்டைச் சீட்டு, பொதுப் பேரேடு, புலனக் குழு: வாசகர் கருத்தை எதில் சேர்த்துவைப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் கோயில் மண்டபத்து மூலையில் நிற்கும் புத்தக அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பதைத் திறக்காமலே சொல்லிவிடலாம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் ஒன்று காணாமல் போயிருக்கும். ஜப்பானியர் காலத்துச் சயாம் ரயில் பாதையைப் பற்றி ஒரு நாவல், நூல் போட்டுக் கட்டிய மாத நாவல்கள், திருவாசக உரை, சமையல் குறிப்பு, சோதிடம், யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுத் தேர்வு) பயிற்சி நூல்கள். நூல் வெளியீட்டில் அன்பளிப்பு உறை கொடுத்து வாங்கி, பக்கம்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து வைத்த உள்ளூர்க் கவிதைத் தொகுப்புகள் ஒரு தட்டு. எடுத்துப்போகிறவர்களும் அதேபோல் கலவைதான்: ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர், படிவம் நான்கு மாணவி, தொழிற்சாலைப் பேருந்தில் படிக்கிற அக்கா.

இவர்கள் படித்துவிட்டுச் சொல்வதை எங்கே பதிந்துவைப்பது? நடப்பில் மூன்று வழி உண்டு. அலமாரிப் பக்கத்தில் ஒரு பேரேடு, எல்லாரும் இருக்கிற புலனக் (வாட்ஸ்அப்) குழு, ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒட்டிய சீட்டு. கூகுள் படிவம் என்று நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள். முதல் வாரம் ஆறு பேர் நிரப்புவார்கள், அதோடு சரி. அதை விட்டுவிடுகிறேன்.

நான் சீட்டின் பக்கம். மூன்றுக்கும் செலவு அற்பம், தொடங்கவும் ஒரு மாலைப்பொழுது போதும். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அலமாரி முன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘எடுக்கலாமா, வேண்டாமா’ என்று நிற்கிறவர் கண்ணில், அந்த நிமிடமே, முன்பு படித்தவர் சொன்னது படுகிறதா? ஒரு வருடம் கழித்தும் படுமா?

புலனத்தை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தினால் நிற்காது. பேச்சு கலகலப்பாக நடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கருத்து வந்த மறுநாளே அதன்மேல் காலை வணக்கப் படமும் ஈமச் சடங்கு அறிவிப்பும் ஏறிவிடும். தேடிப் பார்க்கலாமே என்றால், நம் ஊரில் பாதிப் பேர் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள், ஒரே நூலின் பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல். ‘கல்கி’ என்று தமிழில் தேடினால் ரோமனில் எழுதியது வராது. குரல்பதிவுக்குள் சொன்னதோ எழுத்துத் தேடலில் அகப்படவே அகப்படாது. மேலே குத்திவைக்கலாம் என்றால் அதிகபட்சம் 3 செய்தி, அதுவும் 30 நாள். கைப்பேசி மாற்றும்போது காப்புப்பிரதி எடுக்காவிட்டால் உங்கள் பக்கத்துப் பழைய பேச்செல்லாம் போச்சு. புதிதாகக் குழுவில் சேர்பவர் அவர் வருவதற்கு முந்தைய பேச்சைப் புரட்டிப் பார்க்கலாம் என்று நம்பியும் இருக்க முடியாது.

பேரேடு அவ்வளவு மோசமில்லை. தடித்த அட்டை போட்ட 300 பக்கக் கணக்குப் புத்தகம் ஒன்று, நூல்கட்டிய பேனா, அவ்வளவுதான். புத்தகம் இரவலில் போனாலும் கருத்து அலமாரியிலேயே இருக்கும். இன்னொரு லாபம், ஒரே ஆள் பல நூலுக்குச் சொன்னதைச் சேர்த்துப் பார்க்கலாம். சரித்திர நாவலை ‘இழுவை’ என்கிறவர் துப்பறியும் நாவலை எல்லாம் ‘அருமை’ என்கிறாரா, அவர் ‘இழுவை’க்கு என்ன எடை என்று புரிந்துவிடும்.

அது நொண்டும் இடங்கள் இரண்டு. தேதி வரிசையில் எழுதினால் ஒரு நூலைப் பற்றிய ஐந்து கருத்து ஐந்து பக்கத்தில் சிதறும். அலமாரி முன் நிற்கிறவர் புரட்டித் தேட மாட்டார். நூலுக்கு அரைப் பக்கம் என்று ஒதுக்கினால் ஓடுகிற நூலுக்கு இடம் போதாது, ஓடாத நூலுக்கு வெள்ளைப் பக்கமாகவே கிடக்கும். இரண்டாவது இதைவிடக் கெட்டது. முதலில் எழுதியவர் வைத்ததே சட்டமாகிவிடும். அவர் ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று எழுதினால் அடுத்தவர் ‘மேற்படி கருத்தே என் கருத்தும்’ என்பார், மூன்றாமவர் இரண்டு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்போது சீட்டு. 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் கடைக்காரர் கடன் எழுதுவது போலத்தான். அந்தந்த வீட்டுக் கணக்கு அந்தந்தப் புத்தகத்தில். அதேபோல் அந்தந்த நூலின் கருத்து அந்தந்த நூலுக்குள்.

160 கிராம் (சதுர மீட்டருக்கு) ஏ4 அட்டைத்தாளை நான்காக வெட்டினால் 10.5-க்கு 14.8 சென்டிமீட்டரில் நாலு சீட்டு. தமிழ்ப் புத்தகத்தில் சிறிய கிரவுன் அளவுக்குள்ளும் இது அடங்கும். நூறு புத்தகத்துக்கு 25 தாள். தலையில் ஒட்டுவதற்கு 1 சென்டிமீட்டர், தலைப்புக்கு 2 சென்டிமீட்டர் விட்டு, மீதியில் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்டால் முன்பக்கம் 14 வரி. ஆளுக்கு இரண்டு வரி என்றால் முன்னால் 7 பேர், பின்னால் 8 பேர் எழுதலாம். நாள்காட்டித் தாளைப் போல் மேல்விளிம்பை மட்டும் ஒட்டினால்தான் பின்பக்கமும் பயன்படும், நிரம்பியதும் கிழித்து மாற்றவும் முடியும். முழுதாக ஒட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து உரிக்கப் பார்த்தால் அட்டையின் தோலும் சேர்ந்து வரும்.

ஒட்டுகிற வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். அதை மறந்துவிட்டு எதையும் ஒட்டக் கூடாது. மைதாப் பசை, சோற்றுப் பசை இரண்டும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து, பசையைத் தின்ன வந்தது தாளையும் சேர்த்து அரிக்கும். செலோடேப் இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளித்து, பசை வழிந்து பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்துப் பழுப்புக் கறை வைக்கும். பசைக்குச்சி போட்டால் மழைக்காலத்தில் தானாகக் கழன்று விழும். பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் தாங்குகிறது. விரலால் மெல்லிய கோடு, மேலே ஒரு மெழுகுத்தாள், அதன்மேல் கனமான நாலு புத்தகம், ஓர் இரவு. பசையை அள்ளி அப்பினால் ஈரம் பின்னட்டையை வளைத்துவிடும்.

பழைய சாணித்தாள் பதிப்புகளில் 160 கிராம் சீட்டு வேண்டாம். சீட்டு கனம், தாள் மெல்லிசு. புரட்டப் புரட்ட ஒட்டிய கோட்டில் தாளே கிழியும். அதற்குச் சாதாரண 80 கிராம் தாள் போதும். ஜெல் பேனாவும் வேண்டாம், வியர்த்த கை பட்டால் மை இழுபடும். பென்சில் மங்காது, 2பி என்றால் அழுத்தாமலே கறுப்பாக விழும். பெரியவர்கள் பென்சிலைப் பார்த்தால் ‘பிள்ளைகள் சாமானாச்சே’ என்று முகம் சுளிப்பார்கள், அவர்களுக்குப் பால்பாயிண்ட் பேனா.

சீட்டில் என்னென்ன கட்டம்? தேதி, வாசகர் எண், நின்ற பக்கம் (படிப்பதை நிறுத்திய பக்கம்), கருத்து, யாருக்கு ஆகும். வாசகர் எண் நிலையாக இருக்க வேண்டும், அப்போதுதான் பேரேட்டில் கிடைக்கிற அந்த ‘ஆளின் ருசி’ இங்கேயும் கிடைக்கும். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் உயிரான கட்டம் ‘நின்ற பக்கம்’. ஊர் சின்னது. எழுதியவர் கோயில் கமிட்டியில் இருப்பார், இல்லையென்றால் அவருடைய மச்சான் இருப்பார். அவர் நூலைப் பற்றி யாரும் கெட்டதாக எழுத மாட்டார்கள். எழுதச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்று எழுத யாரும் கூச்சப்படுவதில்லை. 192 பக்க நாவல் ஒன்றின் சீட்டில் மூன்று பேர் ‘நல்ல முயற்சி’ என்று எழுதி, நின்ற பக்கம் 58, 62, 71 என்று இருந்தால் அடுத்தவருக்கு வேறென்ன சொல்ல வேண்டும்? அதே கட்டத்தில் ‘முடித்தேன்’, ‘முடித்தேன்’, ‘இரண்டு தடவை’ என்று வந்தால் கருத்தைப் படிக்காமலே எடுத்துப் போகலாம். ‘எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறார்கள்’ என்று அலுத்துக்கொள்கிற இடங்களில் இந்த ஒரு கட்டத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

எல்லா வகை நூலுக்கும் அதே கட்டம் ஒத்துவராது. சமையல் நூலுக்கு அதைச் ‘செய்து பார்த்த பக்கம்’ என்று மாற்றுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பழைய சமையல் நூல்களில் ஆழாக்கு என்று இருக்கும், அது 168 மில்லி. நம் வீட்டு அளவுக்கோப்பையோ 250 மில்லி. அரிசியைக் கோப்பையால் அளந்து, தண்ணீரை ஆழாக்குக் கணக்கில் ஊற்றியவருக்குச் சோறு வேகாது, பழி நூலின் மேல் விழும். ‘34-ஆம் பக்கம்: ஆழாக்குக் கணக்கு, பார்த்து அளக்கவும்’ என்று ஒருவர் எழுதிவைத்தால் அடுத்தவரின் அரை கிலோ அரிசி தப்பும். பயிற்சி நூலுக்குத் தேதிதான் முக்கியம். யுபிஎஸ்ஆர் 2021-இலும் படிவம் மூன்றுக்கான பிடி3 தேர்வு 2022-இலும் ரத்தாகிவிட்டன. ‘தேர்வுக்கு மிகவும் உதவியது’ என்ற வரி 2018-இல் எழுதியதா, போன மாதம் எழுதியதா என்று தெரியாவிட்டால் அந்தக் கருத்தே ஆளை ஏமாற்றும்.

பதிப்பையும் சீட்டின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஒன்றில் எழுத்து பெரிசு, இன்னொன்றில் பொடி. ‘கண் வலிக்கிறது’ என்று குழுவில் ஒருவர் எழுதினால் அது கதையின் குற்றமா, அச்சின் குற்றமா, எந்தப் பதிப்பு என்று ஒன்றும் விளங்காது. சீட்டு அந்தப் பிரதிக்குள்ளேயே இருப்பதால் இந்தக் குழப்பம் வராது. நின்ற பக்கமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆகவே இதற்குப் பாகமும் அத்தியாய எண்ணும் எழுதுவது மேல். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை அது. ஒரே மூச்சில் படிக்கிறவர் ‘முன்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்’ என்றும், வாரம் இரண்டு அத்தியாயம் படிக்கிறவர் ‘எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளலாம்’ என்றும் எழுதினால் இரண்டும் உண்மைதான். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்துப் பார்க்க முடிவது சீட்டில்தான்.

சீட்டு தோற்கும் இடமும் உண்டு. சயாம் ரயில் நாவலைப் படித்த பெரியவரிடம் இரண்டு வரியில் எழுதுங்கள் என்று சொல்ல முடியாது. 415 கிலோமீட்டர் பாதை அது, அதைப் போட ஜப்பானியர் தோட்டத்திலிருந்து பிடித்துப் போனவர்களில் அவருடைய பெரியப்பா இருந்திருப்பார். கதையில் வரும் கூடாரம், காலரா, கஞ்சி ஒவ்வொன்றுக்கும் அவரிடம் வீட்டுக் கதை ஒன்று இருக்கும். எழுதப் படிக்க வரும், ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘மிக உருக்கம்’ என்பதோடு நின்றுவிடும். பேசவிட்டால் நாலு நிமிடம் பேசுவார், நூலைத் திருத்தவும் செய்வார். இங்கே புலனக் குரல்பதிவுக்கு ஈடே இல்லை. ஒரே நிபந்தனை, அதைக் குழுவிலேயே விட்டுவைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் அந்தப் பதிவு ‘பிடிடி’ (PTT) என்று தொடங்கி ஒரு தேதியும் எண்ணுமான பெயரில் கோப்பாகக் கிடக்கும். எந்த நூல், யார் குரல் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணினிக்கு மாற்றி, நூல் எண்ணும் மாதமும் வைத்துப் பெயர் மாற்றுங்கள் (ப047-2025-03 என்பது போல). ஓபஸ் வகைக் கோப்பு அது, விஎல்சியில் ஓடும். சீட்டில் ‘குரல் உண்டு’ என்று ஒரு வரி போதும், கேட்க விரும்புகிறவர் அலமாரிப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்வார்.

சிறுவர் நூல்களுக்குச் சீட்டு சரிப்படும் என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கட்டத்தில் எழுதுவதைவிடப் படம் வரைவதே அதிகம், அந்தப் படத்திலிருந்து நான் அதிகம் கற்றுவிடவில்லை.

கடைசியாகப் பராமரிப்பு. புத்தகம் திரும்பாவிட்டால் கருத்தும் அதோடு போய்விடும், இதுதான் சீட்டின் மேல் சொல்லப்படும் பெரிய குறை. நியாயமான குறைதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீட்டுகளைப் படம் பிடித்துவிடுங்கள். சீட்டுக்கு அரை நிமிடம் என்றாலும் நூறு புத்தகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகாது. படம் எடுக்கும்போதே மூன்று வேலையும் சேர்த்து முடியும்: கழன்ற சீட்டை ஒட்டுவது, நிரம்பியதை மாற்றுவது, அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பது. சுவரோடு ஒட்டி நின்றால் பின்வரிசையில் பூஞ்சை பிடிக்கும், முதலில் பிடிப்பது பின்னட்டையில்தான். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் திறந்த அலமாரியில் போடுவது வீண், சில நாளில் ஈரம் குடித்து ஓய்ந்துவிடும். கதவு இறுக்கமாக மூடும் அலமாரியென்றால் போடலாம். நீல மணி வெளிறிச் சிவப்பு தட்டினால் மாற்ற வேண்டிய நேரம். நிரம்பிக் கிழித்த சீட்டைத் தூக்கிப்போடாமல் நூல் எண் வரிசையில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவையுங்கள். தொலைந்த பாகத்துக்கு மாற்றுப் பிரதி வாங்கும் நாளில், படத்தைப் பார்த்துப் பழைய கருத்தைப் புதுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, தலைப்பில் புதுப் பதிப்பின் பெயரைப் போட மறக்காதீர்கள்.